குவாரி உங்களுடையதானால்

குவாரி உங்களுக்குச் சொந்தமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி என்னுடையது அல்ல. அது எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர் யோசித்தது. ஆனால் அதை எங்கள் தெருப் பெண்களிடம் கொண்டுபோய்க் கேட்டவள் நான். பதில்களை எழுதியவள் நான். ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் பேரை எழுதியவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பின்னால் நான் எழுதப்போவதில் கோபம் இருக்கும். அந்தக் கோபத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே. வானம் பார்த்த பூமி. நான் ஏழாவது படிக்கும்போது ஊருக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் குவாரி வந்தது. சிமெண்டு ஆலைக்குக் கல் அனுப்பும் ஒரு கம்பெனி அதை நடத்தியது. அதுவரை அம்மா களையெடுப்பு, கடலை பிடுங்குவது என்று அடுத்தவர் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வருடத்தில் பாதி நாள் வேலை இருக்காது. குவாரி வந்த பிறகு எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அங்கே போனார்கள். ஆண்கள் பாறையில் துளை போட்டு வெடி வைப்பார்கள். சிதறிய பாறையைப் பெண்கள் சுத்தியலால் உடைத்து, கூடையில் அள்ளி, பலகை மேல் ஏறி லாரியில் கொட்ட வேண்டும். சாயந்திரம் அம்மா வீட்டுக்கு வரும்போது புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளையாக இருக்கும். முகம் கழுவிய தண்ணீர் மோர் மாதிரி ஓடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. என் அப்பா பண்ணையில் வேலை செய்தவர், அவருடைய அப்பாவும் அதே பண்ணையில் வேலை செய்தவர். பேனா பிடித்த கை எங்கள் வம்சத்தில் என்னுடையதுதான். எட்டாவது படிக்கும்போதே தெருவுக்கு மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். விதவைப் பென்ஷன், மனைப் பட்டா, தெருவுக்கு அடிபம்பு. சொல்கிறவர் சொல்லி முடித்ததும் கீழே அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கி, இது இன்னாருடைய ரேகை, இன்னார் மனைவி, இன்ன தெரு என்று பக்கத்தில் எழுதுவேன். அது இல்லாவிட்டால் மனு செல்லாது. எங்கள் தெருவில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு பேச்சு காகிதத்தில் ஏறினால் அதற்குக் கீழே கைநாட்டு இருக்க வேண்டும். கைநாட்டு இல்லாத எழுத்தை எங்கள் ஆட்கள் நம்புவதில்லை.

அந்தப் பத்திரிகை ஆசிரியரை அரியலூர் கிளை நூலகத்தில்தான் பார்த்தேன். அப்போது நான் பதினொன்றாவது. பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் ஊர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரமும் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தார். வசதியான விவசாயக் குடும்பம், ஆனால் வீட்டில் யாரோடும் ஒத்துப்போகாது. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறதே, எங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறீர்களா தோழர் என்று கேட்டார்.

தோழர் என்றார். ங்க போட்டுப் பேசினார். அவர் சாதியில் அந்த வயது ஆண் யாரும் என்னை அதற்கு முன் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏ புள்ள என்பார்கள், இல்லாவிட்டால் அப்பா பேரைச் சொல்லி அவன் மகளா என்பார்கள். அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

அந்தப் பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதிதான். பெரிய அளவு நோட்டில் அழகாக எழுதி, படம் வரைந்து, காக்கி அட்டை போட்டுத் தைத்துவிடுவார்கள். தையல்கடை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எழுதி முடித்த நோட்டு முதலில் சலூனுக்குப் போகும். அங்கிருந்து டீக்கடை, சைக்கிள் கடை, பிறகு கீழப்பழுவூரில் ஒரு வாசகர் வீடு என்று கைமாறி, ஒன்றிரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும். கடைசிப் பத்துப் பக்கம் வெறுமையாக இருக்கும். படித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும். டீக்கறை படிந்த அந்தப் பத்துப் பக்கங்களைத்தான் நாங்கள் முதலில் புரட்டுவோம். பக்கம் பக்கமாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. மற்றவர்கள் கொடுப்பதைப் பிரதி எடுப்பேன். நானாக எழுதியது அதுவரை ஒன்றும் இல்லை.

ஆசிரியர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதலாளி நிலத்தை எடுத்துக்கொள்கிறான், உழைப்பை எடுத்துக்கொள்கிறான் என்று எல்லோரும் பேசுகிறோம், அவன் எடுத்துக்கொண்ட இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பார். "நாம எதுக்கு ஆசைப்படலாம்கறதையும் அவன்தான் முடிவு பண்றான் தோழர். கூலி கொஞ்சம் கூடக் கேளுன்னு நமக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். கூலியே இல்லாத ஒரு ஒலகத்தை நெனைச்சுப் பாருன்னு எவனும் சொல்லிக் குடுக்கல." பாட்டு, கதை, சினிமா, கோயில் திருவிழா எல்லாம் சேர்ந்து, இப்போது இருக்கிறதைத் தவிர வேறு எதுவும் சாத்தியமில்லை என்று நம்மை நம்ப வைக்கிறது என்பார். அதனால் புதிதாக ஒன்றை நினைத்துப் பார்ப்பதே போராட்டத்தின் முதல் வேலை என்பார். நான் அதையெல்லாம் வீட்டுக்கு வந்து என் நோட்டில் எழுதி வைப்பேன். எழுதும்போது எனக்கு மூச்சு வாங்கும்.

அப்படி ஒரு நாள்தான் அந்தக் கேள்வியைச் சொன்னார். அடுத்த இதழ் முழுவதும் குவாரிப் பெண்களின் பதில்கள் மட்டுமே இருக்கட்டும், வேறு கவிதை கட்டுரை எதுவும் வேண்டாம், கேட்டு எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை என்றார். எனக்கு மறுப்பு எங்கிருந்து வரும்? பன்னிரண்டாவது பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது.

குவாரியில் பெண்கள் வேலையை விட்டு உட்காருவது வெடி வைக்கும் நேரத்தில் மட்டும்தான். மத்தியானம் விசில் ஊதி சிவப்புக் கொடி கட்டுவார்கள். எல்லோரும் வடக்கே ஓடைக்கு அந்தப் பக்கம் வேல மரங்களுக்கு அடியில் போய்விட வேண்டும். எத்தனை துளைக்கு மருந்து வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வெடிச் சத்தத்தைப் பெண்களே எண்ணுவார்கள். பதினோரு துளைக்குப் பத்துச் சத்தம் கேட்டால் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். மேஸ்திரி எவ்வளவு திட்டினாலும் போக மாட்டார்கள். வெடிக்காமல் கிடக்கும் ஒன்று யாருடைய சுத்தியலுக்குக் காத்திருக்கிறதோ தெரியாதே. அந்த ஒரு மணி நேரத்தில் நான் நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் சிரிப்புதான். பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, "எங்கூட்டுல அரிசிப் பானையே என் மாமியாளுக்குச் சொந்தம். குவாரிய வச்சிக்கிட்டு நான் எங்கடி வைக்கிறது, ஒறியிலயா?" என்றாள். இன்னொருத்தி, மேஸ்திரியின் பேச்சை அப்படியே பேசிக் காட்டுகிறவள், எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏய் மேஸ்திரி, கூடைய எடு. என்ன கண்ணாடி பாக்குற? இன்னிக்குப் பூரா நீ தூக்கு, நாங்க கணக்கு எழுதறோம்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுதிக்கோ பாப்பா, இதையும் எழுதிக்கோ என்றாள். எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சிரிப்பு குறைந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் ஆரம்பித்தாள். மரத்தில் தூளி கட்டினால் வெயில் திரும்பும்போதெல்லாம் தூளியையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது, எனக்குச் சொந்தமாக இருந்தால் குழந்தைகளுக்கு ஒரு கொட்டகை போடுவேன் என்றாள். ஒருத்தி தண்ணீர்ப் பானை வைப்பேன் என்றாள். ஒரு வயதான பெண், அந்த இடத்தில் முன்பு கம்பு விளைந்தது, எவ்வளவு பெரிய கதிர் தெரியுமா, குழியை மூடிவிட்டு விதைப்பேன் என்றாள். மூடுவதற்கு மண் எங்கே என்று மற்றவர்கள் கேட்டதற்கு, எடுத்தவனைக் கொண்டுவந்து போடச் சொல்வேன் என்றாள். இன்னொரு பெண், வாய் பேசாதவள் என்று தெருவில் பேர் எடுத்தவள், லாரி எங்கே போகிறது என்று ஒரு நாள் ஏறிப் போய்ப் பார்ப்பேன் என்றாள். நம்ம கல்லில் யார் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, உள்ளே போய் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வருவேன் என்றாள்.

அம்மா இரண்டு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், வெடியெல்லாம் ஓய்ந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது, என்னைப் பார்க்காமல் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நாங்க எல்லாரும் உக்காந்து பேசுவோம். எவ்ளோ கல்லு வேணும், யாருக்கு வேணும்னு. வேணுங்கறத எடுத்துட்டு நிறுத்திடுவோம். மிச்சம் மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும். அது எங்க போயிடப் போவுது? எம்பேத்தி வந்து எடுத்துக்கட்டும்."

மாடியில் இரண்டு வருடமாக நாங்கள் புத்தகம் புத்தகமாகப் படித்துப் பேசிய எதிலும் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. இவள் என் அம்மா என்று அந்த ஓடை முழுவதும் கேட்கும்படி கத்த வேண்டும் போல இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நான் செய்தது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் பெண்கள் ஒவ்வொருத்தராக இடது கைப் பெருவிரலை நீட்டினார்கள். நான் கேட்கவில்லை. காகிதத்தில் பேச்சு ஏறினால் விரல் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பத்திரிகைக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் மறுத்திருப்பேனா என்பது சந்தேகம், ஏனென்றால் எனக்குப் பெருமையாக இருந்தது. பேனா மையை ஒரு துணியில் விட்டு நனைத்து, ஒவ்வொரு விரலாக ஒற்றி, பதிலுக்குக் கீழே பதித்தேன். பக்கத்தில் பேர், கணவர் பேர், தெரு. மனுவில் எழுதுவது போலவே குறை வைக்காமல் எழுதினேன். அம்மா மட்டும் விரல் வைக்கவில்லை. உடைந்த சுண்ணாம்புக்கல்லால் தரையில் எழுதி எழுதி அவளுக்கு நான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்திருந்தேன். ஐந்து எழுத்து. அவள் அதை எழுதி முடிக்கும்வரை மற்ற பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஆசிரியர் நோட்டை வாங்கி இரண்டு தடவை புரட்டினார். பிறகு, இது பத்திரிகை இல்லை தோழர், இது ஆவணம் என்றார். பேர்களை எடுத்துவிடலாம் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அட்டை போட்டுத் தைத்து சலூனுக்குக் கொடுத்தோம். நோட்டு திரும்பி வருவதற்குள் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து நான் பெரம்பலூருக்குப் போய்விட்டேன். கடைசிப் பத்துப் பக்கத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரம்பலூர் விடுதிக்குப் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு நின்றுவிட்டது. அவருக்கு ஏதாவது தொந்தரவோ என்றுதான் பயந்தேன். சிறுவாச்சூர் கோயிலுக்கு விடுதிப் பெண்கள் கூட்டமாகப் போன ஒரு வெள்ளிக்கிழமை, சாமியில் நம்பிக்கை இல்லாத நான் அவருக்காக வேண்டிக்கொண்டேன். இதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

அரைப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா வீட்டில் இருந்தாள். வேலை நாள், உச்சி நேரம். முகத்தில் வெள்ளை இல்லை. உடம்பு சரியில்லையா என்றேன். கூப்பிடவில்லை என்றாள். குவாரியில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவது கிடையாது. காலையில் மேஸ்திரி நின்று ஆளைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேர் சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. இருபது நாளாக அம்மா பேரை அவர் சொல்லவில்லை. மேஸ்திரி மாதிரி நடித்தவள், கம்பு விதைக்கிறேன் என்றவள், லாரியில் ஏறிப் போகிறேன் என்றவள், இந்த மூன்று பேர் பேரையும் சொல்லவில்லை. முதல் வாரம் தினமும் போய் நின்றார்கள். பிறகு போவதை விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஆள் அதிகமாகிவிட்டது என்று பதில் வந்ததாம்.

நான்கு பேரைச் சொன்னதும் எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒன்றையும் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கத் துணிவில்லை. சேர்த்து வைத்தது பக்கத்து வீட்டு அக்கா. நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு சாயந்திரம் ஓடிவந்தாள். கையில் ஒரு புத்தகம். வழவழப்பான தாள், வண்ண அட்டை. குவாரியில் குழந்தைகளுக்குக் கொட்டகை கட்டித் திறப்பு விழா நடந்ததாம். பெரிய ஆட்களெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்தார்களாம். விழாவுக்காக அச்சடித்த மலராம் அது. எல்லாப் பெண்களுக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு மலரும் கொடுத்தார்களாம்.

"நான் சொன்னது இதுல அச்சுல வந்துருக்காம்டி. படிச்சுக் காட்டு," என்றாள்.

அட்டையைப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்களின் பெருவிரல் ரேகைகளைப் படமெடுத்து வட்டமாக அடுக்கி ஒரு பூவாக ஆக்கியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று இதழுக்கு ஒரு நிறம். பூவுக்குக் கீழே காம்பு மாதிரி வளைத்து அம்மாவின் ஐந்து எழுத்து. மேலே தங்க நிறத்தில் 'உழைக்கும் தாய்மாரின் கனவுகள்'.

உள்ளே கொட்டகை இருந்தது. தண்ணீர்ப் பானை இருந்தது. முதலாளியின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டுரை. நம் பெண்களுக்குக் கனவு காணத் தெரியாது என்று நினைத்திருந்தோம், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டோம், கேட்டதைக் கொடுத்தோம் என்று தொடங்கியது. எழுதியவர் பேருக்குக் கீழே தொழிலாளர் நல அலுவலர் என்று போட்டிருந்தது. எங்கள் பத்திரிகை ஆசிரியர்தான். பேரைப் படிக்காமலேயே தெரிந்திருக்கும். அந்த நடையை இரண்டு வருடம் பிரதி எடுத்தவள் நான்.

அக்கா சொன்னதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்து, இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "என்னுது எங்க?" என்றாள்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். இல்லை என்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மறுபடி புரட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் அரியலூரில் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். தாடியை எடுத்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். "வாம்மா. பெரம்பலூர்ல எப்படிப் போவுது? சாப்பாடெல்லாம் பரவால்லையா?" என்றார்.

தோழர் போய் வாம்மா வந்தது. ஒரு வார்த்தையில் என்னைத் தூரத்தில் வைத்துவிட்டார். நான் உட்காரவில்லை. நேராகவே கேட்டேன். அவரும் ஒளிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வேலைக்கான நேர்காணலுக்குப் போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போனாராம். தொழிலாளர்களை எனக்குத் தெரியும் என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது என்றார். மேனேஜர் ஒரு வாரம் வைத்துப் படித்துவிட்டு, கொட்டகை கட்டச் சொன்னாராம். நம்ம பத்திரிகை நாலு வருடம் சலூனில் எண்ணெய்க் கறையோடு கிடந்தது, யாருக்கு என்ன நடந்தது, ஒரே ஒரு ஓலையாவது யாராவது வேய்ந்தார்களா என்று கேட்டார். இங்கே வந்த நாலு மாதத்தில் பதினைந்து குழந்தைகள் நிழலில் தூங்குகின்றன என்றார். உள்ளே இருந்துதான் எதையும் மாற்ற முடியும் என்று இப்போது புரிகிறது என்றார். அவர் பேச்சுத் திறமை எங்கேயும் போய்விடவில்லை. ஒரு நிமிடம் நான் தலையாட்டிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"நாலு பேரைக் கூப்பிடலயே, அது?"

"அது மேஸ்திரி விஷயம். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அவங்க சொன்னது மட்டும் மலர்ல இல்ல. சொன்னவங்க மட்டும் வேலைல இல்ல. எங்கம்மா கையெழுத்து மட்டும் அட்டைல இருக்கு."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "நான் யார் பேரையும் சொல்லல. பேரு, புருசன் பேரு, தெரு எல்லாம் எழுதி வச்சது நீதானேம்மா? கிழிச்சுட்டா குடுக்க முடியும்?"

கிழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமலே இருந்திருக்கலாம். இந்தப் பதில்கள் எல்லாம் எனக்கு பஸ்ஸில்தான் வந்தன. அங்கே நின்றபோது அந்த வாக்கியத்தைத் தள்ள முடியவில்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை. நோட்டைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அது ஆபீஸ் ஃபைலில் சேர்ந்துவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார். நான் வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டு, அடுத்த வருட மலருக்கு நீ ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும், உன் கையெழுத்தையே அப்படியே பிளாக் எடுத்து அச்சில் போடலாம் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

ஊருக்கு வந்ததும் அந்த மூன்று பேர் வீட்டுக்கும் போனேன். எப்படி வேலை போனது, அதில் என் கை எவ்வளவு என்று சொன்னேன். மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டியவள் நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தில் கடலையைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். "சிரிச்சதுக்கா வேலைய நிறுத்துனானுவ?" என்று மட்டும் கேட்டாள். கம்பு விதைக்கிறேன் என்ற வயதான பெண் என்னைத் திட்டினாள். நீ படிச்சவதானே, உனக்குத் தெரிய வேணாமா என்றாள். திட்டு வாங்கியது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பேசாதவள் அன்றும் பேசவில்லை.

லேபர் ஆபீசுக்கு மனு எழுதினேன். இந்த நான்கு பேருக்கும் மறுபடி வேலை தர வேண்டும் என்று மற்ற பெண்களும் சேர்ந்து கேட்டால் கம்பெனி யோசிக்கும் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எட்டாவது படிக்கும்போதிலிருந்து அந்தத் தெருவில் நான் காகிதத்தை நீட்டி, விரலை நீட்டாதவர்கள் கிடையாது. அன்றைக்கு ஒருத்தரும் நீட்டவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்றார்கள், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒருத்தி கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நேராகப் பேசினாள். "உங்கம்மாவுக்கு நடந்தது அநியாயந்தான் புள்ள. இல்லைன்னு சொல்லல. ஆனா எம்புள்ள இப்ப நெழல்ல தூங்குது. தூளிய திருப்பிக் கட்ட நான் ஓட வேணாம். அத எடுத்துட்டான்னா நீ பெரம்பலூர்லேருந்து வந்து கட்டித் தருவியா?"

கொட்டகை வேண்டும் என்று கேட்டவள் அவள். கேட்டது கிடைத்தது. அவள் கேட்டது தப்பில்லை, கிடைத்ததும் தப்பில்லை. கொட்டகையைக் கொடுத்து, அதோடு சேர்த்துச் சொன்ன மற்றதையெல்லாம் மறைத்துவிட்டார்கள் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? மாடியில் இருந்தபோது இதைச் சொல்லும் வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. அவை எல்லாம் அவர் கொடுத்த வார்த்தைகள்.

மனுவில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். லேபர் ஆபீசில் இருந்தவர் படித்துவிட்டு, நீ அங்கே வேலை செய்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பாதிக்கப்பட்டவர்கள் கையெழுத்து எங்கே என்றார். என்னிடம் இல்லை. அந்த நால்வரிடமும் நான் கேட்கவில்லை. அவர்கள் பேரை மறுபடி ஒரு காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மா பிறகு காட்டு வேலைக்கே போக ஆரம்பித்தாள். லீவு முடிந்து நான் பெட்டி கட்டும்போது அம்மா, "அவன் அந்த நோட்டைக் குடுத்தா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். "என் பக்கத்தைக் கிழிச்சு எங்கிட்ட குடுத்துடு. நான் சொன்னது எங்கிட்ட இருக்கட்டும். அவன் ஃபைலுல எதுக்கு?" என்றாள்.

இப்போது வேப்பந்தட்டை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஐந்து வருடம் ஆகிவிட்டது. மாதம் பிறந்ததும் அந்தக் கம்பெனி ஆபீசுக்கு, அவர் பேருக்கு, ஒரு கார்டு போடுகிறேன். உறை போட்டால் அவர் மட்டும் படிப்பார், அதனால் கார்டு. தபால்காரர் படிக்கலாம், பியூன் படிக்கலாம், மேனேஜர் படிக்கலாம். 'எங்கள் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்' என்று ஒரே வரி. கீழே என் பேர், என் தெரு, என் ஊர். பதில் வந்ததில்லை. நேற்று ஒன்றாம் தேதி. நேற்றும் போட்டேன்.